தொட்டுப் பார்க்கலாம்

வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் அக்கா என்னை மகாபலிபுரம் பஸ்ஸில் ஏறவிட்டாள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"என் மேல சத்தியமா சொல்லு. அங்க வந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"அவன் வாய்க்கு வந்தத சொல்லுவான், நான் பாத்துகினு நிக்கணுமா?"

"நின்னுதான் ஆவணும். இல்லன்னா வூட்டுக்குப் போ."

என் கோபம் எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி. ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் சரி, கண்டக்டர் முறைத்தாலும் சரி, முதல் குரல் என்னுடையதாகத்தான் இருக்கும். அக்கா நேர் எதிர். எதையும் விழுங்கிக்கொள்வாள். எனக்கும் அவளுக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம் என்றாலும் சத்தியம் என்று வந்துவிட்டால் அவள் பெரியவள். தலைமேல் கையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பண்ணித் தொலைத்தேன்.

விஷயம் இதுதான். அக்கா செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதற்கு முந்தின வாரம் ஸ்டாஃப் ரூமில் யாரோ டிபன் பாக்ஸுக்கு அடியில் விரித்திருந்த பேப்பரில் ஒரு போட்டோவைப் பார்த்திருக்கிறாள். எங்கள் வயதுக்காரன் ஒருவன், உள்ளங்கைமேல் ஒரு சின்னக் கறுப்புக் கம்ப்யூட்டரை ஏந்திக்கொண்டு சிரிக்கிறான். பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் டிவி கேம்களையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து மறுபடி ஓடவைக்கிற கூட்டம் ஒன்று கிளம்பியிருந்த காலம் அது. மகாபலிபுரத்தில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி வைக்கிறார்களாம். ப்ளஸ் ஒன் படிக்கும்போது தானே எழுதிய படகு விளையாட்டை அதில் ஓட்டிக் காட்டப்போகிறானாம் அவன். அதை இன்டர்நெட்டில் போட்டிருப்பதாகவும், எங்கெங்கோ வெளிநாட்டிலெல்லாம் எடுத்து ஆடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

அக்கா சாம்பார் பட்ட அந்தத் துண்டைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இது என்னுது," என்றாள். "அத அவன் வாயால சொல்லணும். எனக்கு வேற எதுவும் வாணாம்."

அது அவளுடையதுதான் என்பதற்கு நான் சாட்சி. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவன் எங்களோடு கணக்கு டியூஷனில் படித்தான். அவனுடைய தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து வரும்போது அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ரப்பர் பட்டன் வைத்தது, பெரிய டிபன் பாக்ஸ் மூடி அளவுதான் இருக்கும். டிவியோடு சேர்த்தால் திரையில் எழுத்து வரும். எழுதிய ப்ரோக்ராமை டேப் ரெக்கார்டரில் கேசட்டாகப் பதிவு செய்யவேண்டும். மறுபடி வேண்டுமென்றால் கேசட்டை ஓட்டவேண்டும். கீச்சென்று காதைப் பிடுங்கும் ஒரு சத்தம் வந்து, பிறகு லோடு ஆகும்.

அக்கா அதற்கு முன் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் லைப்ரரியில் கிடைத்த, பேசிக் என்கிற கம்ப்யூட்டர் பாஷைப் புத்தகத்தை மனப்பாடமாகப் படித்துவைத்திருந்தாள். அவன் புத்தகத்தைப் பார்த்து அடிக்கிற ப்ரோக்ராம் ஒன்றும் ஓடாது. டியூஷனுக்கு எழுதி எடுத்துவருவான். அக்கா பார்த்துவிட்டு, "இந்த வரியில ப்ராக்கெட்ட மூடவே இல்ல நீ," என்பாள். அப்படித்தான் ஒரு நாள், "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாயேன், நீ எழுதறத ஓட்டிப் பாக்கலாம்," என்று கூப்பிட்டான்.

எங்கள் அப்பா ரயில்வேயில் கேங்மேன். ஒரு பையன் வீட்டுக்குப் பெண்ணைத் தனியாக அனுப்புகிறவர் இல்லை. அதனால் துணைக்கு நான். காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக, பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருந்த அவன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய அம்மா வாசலிலேயே நின்று வரவேற்றார்கள்.

"இங்கியே ஒக்காருங்கம்மா. காத்து நல்லா வரும்."

வாசற்படியை ஒட்டி ஒரு பாய் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரும் டிவியும் கூடத்தின் அந்தக் கோடியில் ஷோகேஸுக்குப் பக்கத்தில். அவன் அங்கே உட்கார்ந்துகொண்டான். அக்கா எழுந்து போகப் பார்த்தாள்.

"நீ பேப்பர பாத்துப் படிம்மா, அவன் அடிப்பான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்ச மெஷினு அது. கண்டபடி கை படக் கூடாது."

உண்மையாகவே அதன் மூலையில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. யார் கையும் படக் கூடாது போல என்று நானும் நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருப் பையன்கள் இரண்டு பேர் முறுக்கைக் கடித்துக்கொண்டே எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். எண்ணெய்க் கையோடு அந்த ரப்பர் பட்டன்களை அமுக்கி அமுக்கிச் சிரித்தார்கள். அவன் அம்மா அவர்களுக்கு இன்னும் இரண்டு முறுக்கு கொண்டுவந்து வைத்தார்கள்.

அக்காவும் பார்த்தாள். ஆனால் படித்துக்கொண்டிருந்த வரியை விடவில்லை, குரல்கூடத் தடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அவங்க வூட்டு ஓட்டு மேல கல்லு வுடப் போறேன்," என்றேன்.

"எனக்கு அந்த மெஷினு வேணும்," என்றாள் அக்கா. "நான் எழுதறது ஓடுதான்னு பாக்க வேற எடமில்ல. உனக்கு ரோஷம் பெருசுன்னா நீ வராத."

நான் போனேன். அவள் படிக்க, தாளைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவன் ஒவ்வொரு பட்டனாக அமுக்க, மெஷினிலிருந்து டிக் டிக் என்று சின்னதாக ஒரு ஓசை வரும். வாசல் வெளிச்சம் டிவி கண்ணாடியில் பட்டு எழுத்து எதுவும் எங்களுக்குத் தெரியாது. அந்த டிக் ஓசையை எண்ணியே அவன் எங்கே தப்பு பண்ணினான் என்று அக்கா சொல்லிவிடுவாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் மேலே நடுவில் சின்னதாக ஒரு சிலுவை போடுவாள். பரீட்சைத் தாளில், மளிகைச் சீட்டில், எதிலும். ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்து எங்கள் எல்லோருக்கும் வந்த பழக்கம். நான் எப்போதோ விட்டுவிட்டேன், அவள் விடவில்லை. படகு விளையாட்டை ஆரம்பித்த அன்றும், "மொதல்ல ஸ்கிரீன்ல மேல நடுவுல ஒரு ப்ளஸ் போடு," என்றாள். அந்த வீட்டில் சிலுவை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எதுக்கு என்று அவனும் கேட்கவில்லை, போட்டான்.

விளையாட்டு புதுப்பட்டினத்திலிருந்து வந்தது. எங்கள் சித்தப்பா அங்கே மீன்பிடிக்கிறவர். கரைக்கு வரும்போது படகை அலைக்கு அப்பால் நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓய்கிற ஒரு நேரம் வரும். அப்போது தள்ளினால் கரை, அவசரப்பட்டால் குப்புறக் கவிழ வேண்டியதுதான். விளையாட்டும் அவ்வளவுதான். எப்போது பட்டனை அமுக்காமல் இருக்கவேண்டும் என்று தெரிந்தவன் ஜெயிப்பான்.

முடிந்த அன்று கேசரி கிடைத்தது. அக்கா கடைசி வரியைப் படித்துத் தாளை மடித்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் டிக் டிக் கேட்டது. என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கேசட் அங்கேயே இருந்தது. மெஷின் இல்லாமல் கேசட்டை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? அப்புறம் அவன் இன்ஜினியரிங் போனான், அக்கா கணக்கு படித்து, டீச்சர் ட்ரெய்னிங் முடித்து, கல்யாணமும் ஆனது. நாங்கள் குவார்ட்டர்ஸ் மாறும்போது அவளுடைய தாள்களெல்லாம் பழைய பேப்பரோடு போயின. கம்ப்யூட்டர் பக்கமே அதற்குப் பிறகு அவள் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் லேப் வந்தபோதும் அதற்கென்று வேறு டீச்சர் இருந்தார்.

ஆக, கையில் ஒன்றும் இல்லாமல்தான் மகாபலிபுரம் போனோம். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அக்கா, "எங்க ஸ்கூல்லேர்ந்து வேன் போட்டுப் பசங்கள கூட்டினு வராங்களாம்," என்றாள். அத்தனை பேர் எதிரில் பொய்க்காரி என்று பெயர் வாங்கினால், திங்கட்கிழமை அதே பிள்ளைகள் முன்னால் போய் நின்று கணக்கு நடத்தவேண்டும். திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

ஹாலில் வரிசையாக மேஜைகள், மேஜைக்கு மேஜை பழைய பெட்டி டிவி. கேசட் போடுகிற கம்ப்யூட்டர்கள், குச்சியைப் பிடித்து ஆட்டுகிற டிவி கேம்கள், மஞ்சள் பூத்துப்போன பிளாஸ்டிக். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு அட்டை: 'தொட்டுப் பார்க்கலாம்'. அக்கா அந்த அட்டையின் முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். நீலச் சீருடையில் அவளுடைய பிள்ளைகள், "மிஸ், மிஸ்," என்று ஓடிவந்தார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நாங்கள் பின்னால் ஓரமாக நின்றோம்.

முன் வரிசை நாற்காலியில் அவன் அம்மா. தலை நரைத்திருந்தது, பட்டுப் புடவை. பக்கத்தில் மேஜைமேல் அதே கறுப்பு மெஷின்.

அவன் மைக்கைப் பிடித்துப் பேசினான். பரணில் எலி கடித்த ஒயரோடு கிடந்ததை எப்படிப் பிரித்துத் துடைத்தான், எந்தெந்தப் பாகத்தை எங்கிருந்து வரவழைத்தான் என்று ஆசையாகச் சொன்னான். லேப்டாப்பில் காட்டுவது பெரிய விஷயமில்லை, அதே மெஷினில், அதே கேசட்டில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று டேப் ரெக்கார்டரை அமுக்கினான். கீச்சென்று அந்தப் பழைய சத்தம். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பாதியில் நின்றுவிட்டது. திரையில் எரர் என்று வந்தது. அவன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தான். லோடு ஆகாமல் போகட்டும், இவன் மானம் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது. அவள் அது லோடு ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஆகாவிட்டால் அவள் கேட்பதற்கு அந்த ஹாலில் எதுவுமே இல்லை. அது புரிந்ததும் நானும் என் வேண்டுதலை அவசரமாக மாற்றிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை லோடு ஆனது. மேலே நடுவில் ஒரு ப்ளஸ். அதற்குக் கீழே அலை, படகு, கரை. அடியில் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் அவன் பெயர். கேசரி தின்ற அன்றைக்குக் கேட்ட டிக் டிக் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவன் ஆடிக் காட்டினான். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஆடினான். பொறுமையாகக் காத்திருந்து, அலை ஓய்ந்த சமயம் பார்த்துப் படகைக் கரை சேர்த்தான். எத்தனை வருஷமாக ஆடியிருந்தால் அப்படி வரும்! எல்லோரும் கை தட்டினார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றான்.

அக்கா வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது மாதிரி கையைத் தூக்கினாள்.

அவன் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்று மறுபடி வந்தது. "அட, நீயா! இன்னா இது, சொல்லாம கொள்ளாம..."

"மேல அந்த ப்ளஸ் எதுக்கு?" என்றாள் அக்கா.

திரும்பித் திரையைப் பார்த்தான். "அது... காம்பஸ். கடல்ல போறவனுக்குத் திசை தெரியணுமில்ல."

"படகு எங்க போனாலும் அது திரும்பலியே."

"அந்தக் காலத்து மெஷினுங்க. மெமரி அவ்ளோதான்." ஹால் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. "அது சிலுவை," என்றாள். "நான் எதை எழுதனாலும் மொதல்ல போடறது. என் பசங்கள கேளுங்க, போர்டுல கூடப் போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன். இத எழுதனது நானு."

சிரிப்பு நின்றது. நீலச் சீருடைகள் மொத்தமாகத் திரும்பி அவளைப் பார்த்தன. கண்காட்சி நடத்துகிறவர் ஒருவர் அருகே வந்து, "மேடம், இது வந்து..." என்று இழுத்தார்.

அவன் முகம் சிவந்துவிட்டது. "ஹெல்ப் பண்ணா, இல்லன்னு சொல்லல. தப்பு இருந்தா கண்டுபிடிச்சிக் குடுப்பா. அதுக்காக? ஒவ்வொரு எழுத்தும் நான் அடிச்சது. என் வெரலுக்குத் தெரியும்."

அவன் பொய் சொல்கிற மாதிரி இல்லை. அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. அவன் அதை முழுசாக நம்பினான். ஒரு ப்ளஸ் குறியை வைத்துக்கொண்டு யார் என்ன பேசிவிட முடியும்? நடத்துகிறவர் அடுத்த மேஜையைக் காட்டி, எல்லோரும் அங்கே வரலாம் என்றார். நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. என் வாய்க்குள் அத்தனை வார்த்தையும் வந்து முட்டிக்கொண்டு நின்றது. சத்தியம் பண்ணிய கையை இன்னொரு கையால் கிள்ளிக்கொண்டேன்.

அப்போதுதான் அவன் அம்மா எழுந்தார்கள். தன் பிள்ளையை ஊர் எதிரில் ஒருத்தி திருடன் என்கிறாள், எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்?

"இன்னாம்மா அநியாயமா கீது! அந்த மெஷினு மேல உன் கை ஒரு தபாவாவது பட்டிருக்குமா? நான் வுட்டிருப்பனா? வாசப்படியாண்ட ஒக்காந்து நீ பேப்பர பாத்து படிச்சிகினு இருப்ப, எம்புள்ள அத்தினியும் அடிப்பான். மெஷினயே தொடாதவ எப்டிம்மா இத எழுதியிருப்ப?"

ஹாலில் நாற்காலிச் சத்தம் நின்றுபோனது. அவர்கள் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். சொன்னவர்களுக்கு மட்டும்தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. பிள்ளைக்கு நல்லது பேசிவிட்ட திருப்தியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள்.

"ஆமாம்மா," என்றாள் அக்கா. "தொடல. படிச்சேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு கீபோர்டுமேல் இருந்த தன் விரல்களைப் பார்த்தான். தலை நிமிர்ந்தபோது அவன் கேட்டது நான் எதிர்பாராதது.

"காத்து வருதுன்னுதான அங்க ஒக்காந்த?"

"இல்ல," என்றாள் அக்கா.

அவன் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. எண்ணெய்க் கையோடு நண்பர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டவனுக்கு, இதைத் தெரிந்துகொள்ள இத்தனை வருஷமா? ஆனால் மைக்கை எடுத்தான். அதைச் சொல்லியாகவேண்டும். "இவங்க எழுதிப் படிச்சாங்க. நான் அடிச்சேன். பேப்பர்ல வந்தது தப்பு," என்றான். அவன் அம்மா, "டேய், இன்னாடா சொல்ற," என்றார்கள். "நீ ஒக்காரும்மா," என்றான்.

பிறகு ஏதோ பட்டனை அமுக்கினான். படகும் அலையும் போய், ப்ரோக்ராம் வரி வரியாகத் திரையில் வந்தது. கடைசியில் அவன் பெயர் இருந்த வரிக்குப் போய் அதை அழித்தான்.

"உன் பேர அடிக்கிறேன். இனிஷியல் இப்போ மாறியிருக்குமே, இன்னா போடட்டும்?"

அக்கா மேஜைக்குப் போனாள். "எங்கப்பா இனிஷியல்தான். அப்போ எழுதனது," என்றாள். "நீ எழுந்திரு. நானே அடிக்கிறேன்."

அவன் எழுந்தான். அக்கா உட்கார்ந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், பிறகு எதற்குத் துடைத்தோம் என்பது மாதிரி அந்தக் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஒற்றை விரலை நீட்டினாள். விரல் பட்டன்களுக்கு மேலே அலைந்தது. அந்த மெஷினில் ஓடிய ஒவ்வொரு வரியும் அவளுடையது, ஆனால் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு வழியாக இனிஷியலைத் தேடி அடித்தாள். அடுத்த எழுத்துக்கு மேல் வரிசை முழுக்கத் தேடினாள், கிடைக்கவில்லை.

"கீழ் வரிசை, இங்க..." என்று அவன் கையை நீட்டினான்.

"கைய எடு. அவளே தேடட்டும்," என்றேன். அன்றைக்கு அந்த ஹாலில் நான் பேசிய ஒரே பேச்சு அது.

"சத்தியம் பண்ணியே," என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். விரல் கீழ் வரிசைக்கு வந்து, தேடி, நின்று, அமுக்கியது. டிக் என்றது. அவள் அடுத்த எழுத்தைத் தேட ஆரம்பித்தாள்.